ஒரு நாட்டைப் புத்தகம் வழியாகத் தெரிந்துகொள்ள: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நாட்டின் வரலாறு, பண்பாடு, மக்கள் பற்றிய புத்தகங்களைப் படிக்க ஆரம்பிக்கிறவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. தனித்தனியாகப் பதில் சொல்லிக்கொண்டே இருப்பதைவிட ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்றுதான் இந்தத் தொகுப்பு. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். எளிதானவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

1. ஒரு நாட்டைப் பத்தித் தெரிஞ்சுக்கணும், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, எதை வாங்கட்டும்?

அந்த நாட்டைப் பற்றி ஒரே தொகுதியில் அடங்கும் பொது வரலாறு ஒன்று, முடிந்தவரை அண்மையில் எழுதப்பட்டது, அந்த நாட்டு மொழியில் உள்ள ஆவணங்களைப் படிக்கத் தெரிந்தவர் எழுதியது. இந்த மூன்றும் பொருந்தினால் தைரியமாக வாங்குங்கள். முன்னூறு, நானூறு பக்கம் போதும். ஆயிரம் பக்கப் புத்தகத்தை முதலில் எடுக்காதீர்கள், அது நல்ல புத்தகமாகவே இருந்தாலும் எது முக்கியம், எது கிளைக்கதை என்று பிரித்துப் பார்க்க உங்களுக்கு இன்னும் பிடி கிடைத்திருக்காது.

2. இணையத்துலயே எல்லாம் இருக்கே, விக்கிப்பீடியா போதாதா?

எந்த ஆண்டு, யார், எங்கே என்பதற்குப் போதும். நானும் அப்படித்தான் சரிபார்க்கிறேன். ஆனால் ஒரு புரட்சிக்குப் பஞ்சம் காரணமா, வரி காரணமா, படையின் அதிருப்தி காரணமா, எது எவ்வளவு காரணம் என்று ஒருவர் பல ஆண்டுகள் ஆவணங்களோடு மல்லுக்கட்டி ஒரு முடிவுக்கு வந்து, அதைத் தன் பெயர் போட்டுச் சொல்வது புத்தகத்தில்தான் கிடைக்கும். அந்த முடிவோடு நீங்கள் சண்டை போடலாம். பல பேர் சேர்ந்து திருத்திய கட்டுரையோடு சண்டை போட ஆளே இருக்காது.

3. ஆரம்பத்துல இருந்துதான் படிக்கணுமா? கற்காலம் தாண்டறதுக்குள்ள தூக்கம் வந்துடுது.

வேண்டியதில்லை. கடைசி நூறு ஆண்டுகளிலிருந்து ஆரம்பியுங்கள். இன்று செய்தியில் அடிபடும் ஒரு சண்டை எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கித் துருவிக்கொண்டு போனால், பழங்காலம் தானாகவே தேவைப்படும், அப்போது தூக்கம் வராது.

இதை ஒரு வரலாற்றாசிரியர் புத்தக அமைப்பாகவே செய்திருக்கிறார். நார்மன் டேவிஸ் போலந்தைப் பற்றி 1984-இல் வெளியிட்ட 'ஹார்ட் ஆஃப் யூரோப்' தன் காலத்துப் போலந்தில் தொடங்கி, அத்தியாயம் அத்தியாயமாகப் பின்னால் போகும். ஒவ்வொரு அத்தியாயமும் அதற்கு முந்திய அத்தியாயத்தில் எழுந்த 'ஏன்?' என்ற கேள்விக்குப் பதில் போல அமையும். எல்லா நாட்டுக்கும் அப்படிப் புத்தகம் கிடைக்காது, ஆனால் சாதாரண வரலாற்றுப் புத்தகத்தையே கடைசி அத்தியாயத்திலிருந்து நீங்கள் இப்படிப் படிக்கலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.

4. கடையிலேயே நின்னு பத்து நிமிஷத்துல ஒரு புத்தகம் தேறுமா தேறாதான்னு கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். பின்னட்டையைப் படிக்காதீர்கள், அங்கே எல்லாப் புத்தகமும் அருமையான புத்தகம்தான். முதலில் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். மறு அச்சு ஆண்டு வேறு, முதல் பதிப்பு ஆண்டு வேறு, நமக்கு வேண்டியது முதல் பதிப்பு ஆண்டு. அப்புறம் நேராக நூற்பட்டியலுக்குப் போங்கள். ஜப்பானைப் பற்றிய புத்தகத்தின் நூற்பட்டியலில் ஒரு ஜப்பானிய மொழி நூல்கூட இல்லை என்றால், அவர் மற்றவர்கள் எழுதியதை வைத்து எழுதியிருக்கிறார் என்று பொருள். அது குற்றமில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு பொருளடக்கத்தில் பக்கக் கணக்கு. இரண்டாயிரம் ஆண்டு வரலாறு என்று தலைப்பு சொல்லும், ஆனால் ஐரோப்பியர் வந்து இறங்குவதற்கு முந்தைய காலம் முழுவதும் நாற்பது பக்கத்தில் முடிந்திருக்கும். கடைசியாகச் சொல்லடைவு. பெண்கள், உழவர்கள், அடிமைகள், நிலவரி, நோய் போன்ற சொற்களைத் தேடிப் பாருங்கள். அரசர் பெயர்களும் போர்களின் பெயர்களும் மட்டுமே வரிசையாக நின்றால், மக்களைத் தேடி வேறு புத்தகத்துக்குத்தான் போக வேண்டும்.

5. பழைய புத்தகங்கள் இணையத்துல இலவசமாக் கிடைக்குது. நூறு வருஷம் பழசு. படிக்கலாமா?

படிக்கலாம், ஆனால் எந்த ஆண்டில் எழுதினார் என்பதை மனதில் இருத்திக்கொண்டு. வின்சென்ட் ஸ்மித்தின் ஆக்ஸ்ஃபோர்டு இந்திய வரலாறு 1919-இல் வந்தது. சிந்துவெளி நாகரிகம் கண்டுபிடிக்கப்பட்டதை ஜான் மார்ஷல் உலகுக்கு அறிவித்தது 1924-இல். ஐந்தே ஆண்டு இடைவெளிதான், ஆனால் அந்த முதல் பதிப்பில் ஒரு நாகரிகமே கிடையாது. ஸ்மித் கவனக்குறைவாக எழுதினார் என்பதற்காக இல்லை, அன்று அது யாருக்கும் தெரியாது. ரொமிலா தாப்பர் 1966-இல் எழுதிய தன் சொந்தப் புத்தகத்தையே திரும்ப எழுதி 2002-இல் 'எர்லி இந்தியா' என்று வெளியிட்டதற்கும் இதுதான் காரணம்: இடைப்பட்ட காலத்தில் அகழாய்வும் வந்தது, கேட்கப்படும் கேள்விகளும் மாறின.

பழைய புத்தகத்தில் ஆசிரியரின் தீர்ப்பு சீக்கிரம் பழசாகும், அவர் எடுத்துத் தந்த மூலம் அவ்வளவு சீக்கிரம் பழசாகாது. விஜயநகரம் பற்றி ராபர்ட் சிவெல் 1900-இல் எழுதிய புத்தகம் இதற்கு நல்ல உதாரணம். அவருடைய விளக்கங்களைப் பின்னால் வந்தவர்கள் நிறையக் கேள்வி கேட்டார்கள். ஆனால் அந்தப் புத்தகத்தின் பின்பகுதியில், பதினாறாம் நூற்றாண்டில் அந்த நகரத்தை நேரில் பார்த்த பயஸ், நூனிஸ் என்ற இரண்டு போர்ச்சுக்கீசியரின் குறிப்புகளை ஆங்கிலத்தில் தந்திருக்கிறார். அந்தப் பக்கங்களுக்காக இன்றும் அதைத் திறக்கிறார்கள்.

6. அந்த நாட்டுக்காரங்க எழுதினதுதானே சரியா இருக்கும்? வெளியாளுக்கு என்ன தெரியும்?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், ஏற்கெனவே ஒரு முடிவோடு கேட்கிறார்கள். வெளியாள்கள் எல்லாரையும் ஒரே கூட்டத்தில் சேர்க்க முடியாது. ஜேம்ஸ் மில் 1817-இல் பிரிட்டிஷ் இந்தியாவின் வரலாற்றை வெளியிட்டார். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை, இந்திய மொழிகளும் தெரியாது. அதைக் குறையாகக்கூட அவர் நினைக்கவில்லை, இங்கிலாந்தில் தன் அறையில் உட்கார்ந்து படித்தே அதிகம் தெரிந்துகொள்ள முடியும் என்று முன்னுரையில் வாதாடினார். இந்தியாவை ஆள வந்த அதிகாரிகளுக்கு அதுவே பாடப்புத்தகமாகவும் ஆனது. அவர் செய்த இந்து காலம், முஸ்லிம் காலம், பிரிட்டிஷ் காலம் என்ற கூறுபோடல் இன்னும் பல பேர் தலையில் இருக்கிறது, அதை யார் போட்டது என்று தெரியாமலே.

அவருக்கு எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் அல்பெரூனியும் வெளியாள்தான், அதுவும் கஜினி மகமூதின் படையெடுப்புக் காலத்து ஆள். ஆனால் அவர் சமஸ்கிருதம் கற்றார், நூல்களைப் படித்தார், படித்தவர்களிடம் கேட்டார், தனக்கு ஒப்பாத நம்பிக்கையையும் அதை நம்புகிறவர்களின் சொல்லிலேயே எடுத்துச் சொல்ல முயன்றார். ஏறக்குறைய 1030-இல் எழுதியதை இன்றும் மதிப்போடு படிக்கிறோம். ஆக, பிறந்த இடத்தைவிட மொழியும் காது கொடுத்துக் கேட்கும் பழக்கமும்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன.

உள்ளாளுக்கும் சிக்கல் உண்டு. தன் சாதியை, தன் ஊரை, தன் மொழியை நாடு முழுவதற்கும் பொதுவாக எண்ணிவிடுவார், எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று முக்கியமானதைச் சொல்லாமலே விட்டுவிடுவார். இரண்டு பேரையும் படியுங்கள்.

7. அப்போ பள்ளிக்கூடப் பாடப்புத்தகம்? அரசாங்கமே போடுதே, நம்பலாம்தானே?

ஒரு நாடு தன் பிள்ளைகளுக்குத் தன்னைப் பற்றி என்ன சொல்ல விரும்புகிறது என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல புத்தகம் இல்லை. என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள அது மட்டும் போதாது. ஜப்பானில் இயெனகா சபுரோ என்ற வரலாற்றாசிரியர், தன் பாடநூலில் அரசு செய்யச் சொன்ன திருத்தங்களை எதிர்த்து 1965-இல் முதல் வழக்குப் போட்டார். அடுத்தடுத்து மூன்று வழக்குகள், கடைசித் தீர்ப்பு 1997-இல். போர்க்காலத்தில் மனிதர்கள் மேல் சோதனை நடத்திய 731-ஆம் படைப்பிரிவு பற்றிய பகுதியை நீக்கச் சொன்னது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு பாடநூலின் சில பத்திகளுக்காக முப்பது ஆண்டுக்கு மேல் ஒருவர் நின்றிருக்கிறார் என்றால், அந்தப் பத்திகளின் கனத்தை யோசித்துப் பாருங்கள்.

நல்ல பக்கமும் உண்டு. பலமுறை போரிட்ட பிரான்சும் ஜெர்மனியும் சேர்ந்து ஒரு வரலாற்றுப் பாடநூல் தயாரித்து, அதன் முதல் தொகுதி 2006-இல் இரு மொழியிலும் வெளிவந்தது.

8. நாவல் படிச்சே ஒரு நாட்டைத் தெரிஞ்சுக்கலாம்னு ஒருத்தர் சொல்றார். உண்மையா?

பாதி உண்மை. ஒரு மாற்றத்தின் நடுவில் வாழ்ந்தவர்களுக்கு அது எப்படி இருந்தது என்பதை நாவல்போல எதுவும் சொல்லாது. நைஜீரியாவில் காலனி அதிகாரியாக இருந்த ஜாய்ஸ் கேரி எழுதிய 'மிஸ்டர் ஜான்சன்' நாவலில் தன் மக்கள் காட்டப்பட்ட விதம் பிடிக்காமல்தான், உள்ளிருந்து அந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் சினுவா அச்செபேவுக்கு வந்தது. 1958-இல் வந்த அவருடைய 'திங்ஸ் ஃபால் அபார்ட்' இக்போ மக்களின் ஊர்க்கூட்டம், வழக்குத் தீர்க்கும் முறை, அவர்களுக்குள் இருந்த கொடுமை எல்லாவற்றையும் சேர்த்தே காட்டுகிறது. 6-வது பதிலில் சொன்ன உள்ளாள், வெளியாள் விஷயத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் அந்த இரண்டு நாவல்களையும் அடுத்தடுத்துப் படிக்கலாம்.

மீதிப் பாதி: நாவலில் வருவதை நடந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நமக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம், 'பொன்னியின் செல்வன்'. ஆதித்த கரிகாலன் கொலையில் நந்தினிக்குப் பங்கு உண்டா என்று உண்மையாகவே கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நந்தினி கல்கியின் கற்பனை. ஆனால் ரவிதாசன் கற்பனை இல்லை. ராஜராஜன் காலத்து உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்ற சகோதரர்களைக் கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று பெயர் சொல்லி, அவர்களின் உறவினர் நிலம்வரை பறிமுதல் செய்த நடவடிக்கையைப் பேசுகிறது. கொலையின் பின்னணி, தூண்டியது யார் என்பதை அது சொல்வதில்லை. நாவலாசிரியர் நுழைவது அந்த இடைவெளியில்தான். நாவலை ரசித்துவிட்டு, எந்த இடத்தில் கல்வெட்டு முடிந்து கற்பனை தொடங்குகிறது என்று தேடிப் போகிறவருக்கு இரண்டும் கிடைக்கும்.

9. ராஜா, போர், ஒப்பந்தம்... சலிச்சுப் போச்சு. சாதாரண ஜனங்களைப் பத்தின புத்தகமே இல்லையா?

நிறைய உண்டு, வேறு அலமாரியில் இருக்கும். நாட்குறிப்பு, கடிதம், வழக்கு ஆவணம், வாய்மொழி வரலாறு என்று தேடுங்கள். தமிழிலேயே ஒரு பொக்கிஷம் இருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு. கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, யார் யாரோடு முறைத்துக்கொண்டார்கள், ஆளுநர் மனைவி என்ன சொன்னார், நல்ல நேரம் எது, எல்லாம் அதில் உண்டு. பிள்ளை சாதாரண ஆள் இல்லை, பெரிய வணிகர், அதிகாரத்துக்குப் பக்கத்திலேயே இருந்தவர். ஆனால் காலனி ஆட்சி அன்றாடம் எப்படி நடந்தது என்பதை ஆளுநரின் அறிக்கை சொல்லாத கோணத்திலிருந்து சொல்கிறார்.

வாய்மொழி வரலாற்றில் இந்தியப் பிரிவினை பற்றி ஊர்வசி புட்டாலியா 1998-இல் வெளியிட்ட 'தி அதர் சைட் ஆஃப் சைலன்ஸ்', சோவியத் வீழ்ச்சிக்குப் பிந்தைய மனிதர்களைப் பேசவிட்ட ஸ்வெட்லானா அலெக்ஸிவிச்சின் புத்தகங்கள் (இவருக்கு 2015-இல் நோபல் கிடைத்தது) இரண்டையும் சொல்வேன். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். ஐம்பது ஆண்டு கழித்து ஒருவர் சொல்லும்போது தேதி தவறலாம், பார்த்ததும் கேள்விப்பட்டதும் கலந்திருக்கலாம். தேதிக்கு வேறு புத்தகத்தைப் பாருங்கள், அந்த வலி இத்தனை காலம் எப்படித் தங்கியது என்பதற்கு இவர்களிடம் வாருங்கள்.

10. பயண நூல் மட்டும் படிச்சா?

ஆர்வம் பிறக்கும், அதோடு நிறுத்தாதீர்கள். பயணி பார்ப்பது பெரும்பாலும் தெருவை. வீட்டுக்குள் நடப்பது, குறிப்பாகப் பெண்களின் உலகம், அவர் கண்ணில் பட வாய்ப்புக் குறைவு. எப்போது எழுதினார் என்பதும் முக்கியம். இப்ன் பதூதா தன் பயணங்களை ஊர் திரும்பிய பிறகு நினைவிலிருந்து சொல்ல, இப்ன் ஜுஸய் என்பவர் 1355-இல் எழுதி முடித்தார். சில வருணனைகள் முந்தைய பயணியான இப்ன் ஜுபைரின் நூலிலிருந்து எடுக்கப்பட்டவை என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அதனால் நூல் வீண் என்று ஆகாது, ஆனால் ஒவ்வொரு பக்கத்தையும் நேரில் பார்த்த சாட்சியாகக் கொள்ள முடியாது.

11. 'இந்த நாட்டு மக்கள் இப்படித்தான்'னு சொல்ற பண்பாட்டுப் புத்தகங்களை எந்த அளவுக்கு நம்பறது?

சந்தேகத்தோடு. கோடிக்கணக்கான பேரை ஒரு குணத்தில் அடக்கும் எந்த வாக்கியத்தையும் நிறுத்திப் படியுங்கள். ரூத் பெனடிக்டின் 'தி கிரிசாந்திமம் அண்ட் தி ஸ்வார்டு' 1946-இல் வந்த, ஜப்பானியப் பண்பாடு பற்றிய மிகப் புகழ்பெற்ற புத்தகம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசுக்காகச் செய்த ஆய்விலிருந்து பிறந்தது. போரினால் ஜப்பானுக்குப் போக முடியாமல், அமெரிக்காவில் இருந்த ஜப்பானியர்களிடம் கேட்டும், நூல்களையும் படங்களையும் பார்த்தும் எழுதினார். மில் போல வேண்டாமென்று விட்டவர் இல்லை இவர், புரிந்துகொள்ளும் அக்கறை பக்கத்துக்குப் பக்கம் தெரியும். ஜப்பானிலேயே அதைப் பரவலாகப் படித்தார்கள், கடுமையாக விமர்சிக்கவும் செய்தார்கள். எதிரியைப் புரிந்துகொள்ளப் போர்க்காலத்தில் கேட்கப்பட்ட கேள்விகளுக்கான பதில் அது என்று தெரிந்து படித்தால் நிறையக் கற்றுக்கொள்ளலாம், 'ஜப்பானியர் என்றும் இப்படித்தான்' என்று படித்தால் ஏமாறுவோம்.

இன்னொன்று, 'தொன்றுதொட்டு' என்ற சொல். 1983-இல் எரிக் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் தொகுத்த 'தி இன்வென்ஷன் ஆஃப் ட்ரடிஷன்' நூலில், ஸ்காட்லாந்தின் பழம்பெரும் உடையாகக் கருதப்படும் குட்டைக் கில்ட் பதினெட்டாம் நூற்றாண்டில் ஓர் ஆங்கிலேய இரும்பு ஆலைக்காரர் கொண்டுவந்தது என்று ட்ரெவர்-ரோப்பர் என்ற வரலாற்றாசிரியர் வாதிட்டார். அந்த வாதத்தோடு மோதுகிறவர்களும் உண்டு. ஆனால் அதைப் படித்த பிறகு எந்த நாட்டு வழக்கத்தைப் பார்த்தாலும் 'இதற்கு முதல் சான்று எப்போது?' என்று கேட்கத் தோன்றும்.

12. புராணமும் அதிசயமும் கலந்த பழைய நூல்களை ஒதுக்கிடலாமா?

ஒதுக்காதீர்கள். இலங்கையின் பாலி மொழி வம்ச நூல்களில் அற்புதங்களும் உண்டு, பௌத்த சங்கத்தின் பார்வையும் அழுத்தமாக உண்டு. ஆனால் 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்தபோது, கல்வெட்டுகளில் தன்னைப் பியதசி என்று சொல்லிக்கொண்ட அரசர் யார் என்று தெரியவில்லை. இலங்கையில் இருந்த ஜார்ஜ் டர்னர் அந்தப் பாலி நூல்களிலிருந்துதான் அவர் அசோகர் என்று அடையாளம் காட்டினார். கல்வெட்டும் வம்ச நூலும் தனித்தனியாகச் சொல்ல முடியாததைச் சேர்த்து வைத்ததும் சொல்லிவிட்டன.

13. நாடே புதுசு, ஆனா புத்தகம் மூவாயிரம் வருஷ வரலாறுன்னு போடுது. எப்படி?

நல்ல சந்தேகம். இன்றைய எல்லையை வரைந்துகொண்டு, அதற்குள் பழங்காலத்தில் நடந்ததை எல்லாம் ஒரே நாட்டின் கதையாகக் கோப்பது பல புத்தகங்களின் பழக்கம். அன்று வாழ்ந்தவர்களுக்கு அந்த எல்லையும் தெரியாது, அந்தப் பெயரும் தெரியாது. பெனடிக்ட் ஆண்டர்சன் 1983-இல் எழுதிய 'இமேஜின்ட் கம்யூனிட்டீஸ்', ஒருவரையொருவர் பார்த்தே இராத மக்கள் தங்களை ஒரே கூட்டமாக எண்ணத் தொடங்கியதில் அச்சுத் தொழிலுக்கும் செய்தித்தாளுக்கும் இருந்த பங்கைப் பேசுகிறது. எளிய புத்தகம் இல்லை, முதல் மூன்று அத்தியாயம் படித்தாலே பலன் உண்டு.

மறுபக்கம் போலந்து. 1795 முதல் 1918 வரை 123 ஆண்டுகள் அப்படியொரு நாடு வரைபடத்திலேயே இல்லை, மூன்று பேரரசுகள் பங்கு போட்டுக்கொண்டன. ஆனால் மொழியும் இலக்கியமும் நாங்கள் ஒரு மக்கள் என்ற எண்ணமும் இருந்தன. ஆகவே நாடு, அரசு, மக்கள் மூன்றையும் ஆசிரியர் தனித்தனியாகப் பிரிக்கிறாரா என்று பாருங்கள். பிரிக்காதவர் அடிக்கடி அரசின் கதையை மக்களின் கதை என்று சொல்லிவிடுவார்.

14. தடை பண்ணின புத்தகம்னா அதுல உண்மை இருக்குன்னுதானே அர்த்தம்?

தடை செய்தவர் எதற்குப் பயந்தார் என்பதைச் சொல்லும், அவ்வளவுதான். இந்தோனேசியாவில் 1965-இல் கைதான எழுத்தாளர் பிரமூதியா, புரு தீவுச் சிறையில் எழுத அனுமதி இல்லாதபோது சக கைதிகளுக்கு வாய்மொழியாகச் சொன்ன கதை, விடுதலைக்குப் பின் 1980-இல் நாவலாக வந்து அடுத்த ஆண்டே தடையானது. மகத்தான நாவல். ஆனால் அதை மகத்தானதாக்கியது தடை இல்லை.

எதுவார்டோ கலியானோ லத்தீன் அமெரிக்கா சுரண்டப்பட்டது பற்றி 1971-இல் எழுதிய புத்தகத்தையும் ராணுவ ஆட்சிகள் தடை செய்தன. அது ஒரு தலைமுறையையே உலுக்கியது. 2014-இல் அவரே, அதை எழுதியபோது தனக்குப் பொருளாதாரமும் அரசியலும் போதுமான அளவு தெரிந்திருக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அப்படிச் சொன்ன ஆசிரியர் மேல் எனக்கு மரியாதை கூடியது. புத்தகத்தின் கோபம் நியாயமானதாக இருந்தாலும் அதன் கணக்கைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

15. ஒரே சம்பவத்தை ரெண்டு புத்தகம் நேர் எதிராச் சொல்லுது. யாரை நம்பட்டும்?

முதலில் எதில் முரண்படுகிறார்கள் என்று பிரியுங்கள். நடந்ததா இல்லையா என்பதிலா, எத்தனை பேர் என்பதிலா, ஏன் நடந்தது என்பதிலா, யார் பொறுப்பு என்பதிலா? பல சண்டைகளில் நடந்தது பற்றி இருவரும் ஒத்துப்போவார்கள், பொறுப்பில்தான் பிரிவார்கள். அப்புறம் அந்தக் குறிப்பிட்ட வாக்கியத்தின் அடிக்குறிப்புக்குப் போங்கள். ஒருவர் அந்தக் காலத்து ஆவணத்தைக் காட்டுவார், மற்றவர் இன்னொரு புத்தகத்தைக் காட்டுவார், அந்தப் புத்தகத்தைத் தேடிப் போனால் அது வேறொன்றைக் காட்டும். ஹாவர்ட் ஜின் 1980-இல் அமெரிக்க வரலாற்றை அடித்தட்டிலிருந்து சொன்ன புத்தகத்தில் அடிக்குறிப்பே இல்லை, நூற்பட்டியல் மட்டும் உண்டு. எனக்குப் பிடித்த புத்தகம்தான், ஆனாலும் ஒரு வரியைச் சரிபார்க்க நினைத்தால் திணற வேண்டியிருக்கும்.

நீங்கள் எந்தப் பக்கம் சாய விரும்புகிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். சொந்த நாட்டைப் பற்றிப் படிக்கும்போது நமக்குப் பிடிக்காத தகவலுக்கு மட்டும் சான்று கேட்போம், பிடித்ததை அப்படியே விழுங்குவோம். பிடித்த வரிக்கும் ஒருமுறை அடிக்குறிப்பைத் திருப்பிப் பாருங்கள்.

16. எனக்குத் தமிழ்ல மட்டும்தான் படிக்க வரும். மொழிபெயர்ப்பை நம்பலாமா?

தாராளமாக. மூன்று விஷயம் மட்டும் பாருங்கள்: மூல மொழியிலிருந்து வந்ததா, ஆங்கிலம் வழியாக வந்ததா, சுருக்கமா, முழுமையா, அடிக்குறிப்புகளையும் நூற்பட்டியலையும் வைத்திருக்கிறார்களா, வெட்டிவிட்டார்களா. மூன்றாவதில்தான் அதிகம் இழக்கிறோம், ஏனென்றால் அடிக்குறிப்பு இல்லாத மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு 15-வது பதிலில் சொன்னதைச் செய்ய முடியாது. அப்படி வெட்டப்பட்டிருந்தால் பதிப்பகத்துக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். வாசகர்கள் கேட்கக் கேட்கத்தான் அடுத்த பதிப்பில் அது சேரும்.